விதைக்கு விட்டவர்

சென்னையின் மாடித்தோட்டக்காரர்களைப் பயிரை வைத்தோ, பைகளின் எண்ணிக்கையை வைத்தோ வகைப்படுத்துவதைவிட, காய்த்த காயை அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை வைத்து வகைப்படுத்துவதே பொருத்தமாகும். பறித்துச் சமைப்பவர் ஒரு வகை. பறித்துப் படமெடுத்து உறவினர்க்கெல்லாம் அனுப்பிய பிறகு சமைப்பவர் மற்றொரு வகை. இவ்விருவரும் எளிதில் விளங்கிவிடுவதால் ஆராய்ச்சிக்கு இடந்தருவதில்லை. விளைந்தவற்றுள் மிகச் சிறந்த காயைத் தேர்ந்து, அது முற்றிப் பழுத்து உலரும்வரை செடியிலேயே விட்டுவைத்து, அதன் விதையைப் பிறர்க்கு வழங்குவதையே தோட்டத்தின் பயனாகக் கருதும் மூன்றாம் வகையினர்தான் விரிவாக நோக்கத்தக்கவர்.

இவ்வகையினர் நங்கநல்லூர், மடிப்பாக்கம், குரோம்பேட்டை போன்ற பகுதிகளில், மொட்டைமாடி முழுவதும் தமக்கே உரியதாக அமைந்த வீடுகளில் நன்கு செழிப்பர்; அடுக்குமாடிக் குடியிருப்பிலோ, கூரை ஓதம் காக்கிறது என்று புகார் கூறும் மேல்தளத்துக்காரருக்கும் சங்கச் செயலாளருக்கும் பதில் சொல்வதிலேயே பருவம் கழிந்துவிடுவதால், இவர்கள் அங்கு அரைவளர்ச்சியோடு நின்றுவிடுவர். பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவர்கள். தணிக்கைத் துறையிலிருந்து வந்தவராயின் ஒவ்வொரு பைக்கும் எண்ணும் பதிவேடும் இருக்கும். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் வழங்கும் மாடித்தோட்டத் தொகுப்பில்தான், அதாவது செடி வளர்க்கும் பைகள், தென்னை நார்க்கழிவுக் கட்டிகள், விதைப் பொட்டலங்கள், உயிர் உரங்கள் ஆகியவை அடங்கிய மூட்டையில்தான் பலருடைய தொடக்கம் இருக்கிறது. செங்கல்போல் இறுகிய நார்க்கழிவுக் கட்டி ஒரு வாளித் தண்ணீரில் பொங்கி அண்டாவுக்கு வெளியே வழிந்த அன்று ஏற்பட்ட வியப்பு, இவர்களிடம் பிறகு ஒருநாளும் தணிவதில்லை.

கொள்கையளவில் இவர்கள் இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வாரின் (1938–2013) வழிவந்தவர்களாகத் தம்மைக் கருதுவர். அவர் படம் மாடிப்படியின் திருப்பத்தில் மாட்டப்பட்டிருக்கும். எந்த விதையைக் கண்டாலும் இவர்கள் எழுப்பும் முதல் வினா, அது நாட்டு ரகமா, எஃப் 1 வகையா என்பது. எஃப் 1 என்பது இரு வேறு பெற்றோர் வழிகளைக் கலந்து பெறும் முதல் தலைமுறை வீரிய ஒட்டு விதை. அதன் காயிலிருந்து எடுத்த விதையை மீண்டும் ஊன்றினால் அடுத்த தலைமுறை தாயைப்போல ஒரு சீராக வருவதில்லை. இது நியாயமான அச்சமே. ஆயினும் அச்சம் முற்றியபின், பெயரில் எழுத்தும் எண்ணும் வரும் எதையும் ஐயுறும் நிலை தோன்றுகிறது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-இல் வெளியிட்ட பி.கே.எம். 1 செடி முருங்கை, தேர்வு முறையில் உருவாக்கப்பட்டு விதை மூலமே பரவுவது. எஃப் 1 அன்று. இதை எடுத்துக்கூறினால், “அதெல்லாம் சரிங்க, பேரே சரியில்லையே” என்பார்.

இவர்கள் உழைப்பைக் குறைத்து மதிப்பிடலாகாது. சுரையின் வெண்மலர் மாலையில் விரிவதாலும், தேனீக்கள் அந்நேரம் மாடிப்பக்கம் அரிதாதலாலும், டார்ச் விளக்கும் தூரிகையுமாகச் சென்று ஆண்பூவின் மகரந்தத்தைப் பெண்பூவில், அதாவது அடியில் பிஞ்சு போன்ற சூற்பையுடைய பூவில், தாமே சேர்த்துவைப்பர். முதன்மைக் கொடியின் நுனியைக் கிள்ளி, அதிலிருந்து வரும் பக்கக் கிளையின் நுனியையும் கிள்ளி, மூன்றாம் தலைமுறைக் கிளையில் பெண்பூக்களைப் பெருக்கும் ‘3ஜி கட்டிங்’ என்னும் உத்தியை, அலைபேசிக் கடைக்காரர் தவறாகப் புரிந்துகொள்ளும் அளவுக்கு உரக்கப் பேசுவர். இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாயைக் கோமியத்தில் அரைத்த கரைசலையும், மீனும் வெல்லமும் ஊறிய மீன் அமிலத்தையும் தெளிக்கும் நாள்களில் எதிர்வீட்டுச் சன்னல்கள் அடைபடும்.

இவ்வளவுக்கும் பின் காய் பிடிக்கிறது. கத்தரிக்கோலுடன் அல்ல, சிவப்பு நூலுடன்தான் அவர் செடியை அணுகுவார். நூல் கட்டிய காய் விதைக்கு உரியது, எவரும் தொடலாகாது. ஒரு கத்தரிப் பழத்தில் நூற்றுக்கணக்கான விதைகள் இருப்பதால் ஒரு பழமே ஒரு வட்டத்துக்குப் போதும் என்பது உண்மை. எனினும் இரண்டாவது காய் முதற்காய்க்கு ஏதும் நேர்ந்தால் உதவுமென்றும், மூன்றாவது வடிவம் நன்றாயிருக்கிறதென்றும் நூல் பெறுகின்றன. வெண்டை நாராகிக் காய்ந்து விளிம்பில் வெடிக்கும். கத்தரி மஞ்சளித்துத் தொங்கும். சுரைக்காய் குலுக்கினால் ஒலி தரும்வரை மாதக்கணக்கில் கிடக்கும். அவ்வீட்டுச் சாம்பாருக்கு வேண்டிய கத்தரிக்காய் வண்டிக்காரரிடம் வாங்கப்படும். தக்காளி விதையின் வழவழப்பு நீங்க அதன் கூழை இரண்டு மூன்று நாள் புளிக்கவிடும் முறையும், சாம்பலில் புரட்டிய விதைகள் குளிர்சாதனப் பெட்டியில் தயிருக்கு அருகே இடம்பிடிப்பதும் குடும்ப வரலாற்றின் தனி இயல்கள்.

சேர்ந்த விதைகள் மாதந்தோறும் பூங்காவிலோ பள்ளி வளாகத்திலோ ஞாயிறு காலையில் கூடும் விதைப் பகிர்வுக் கூட்டத்தை அடைகின்றன. அங்கு விதை விற்கப்படுவதில்லை, கைமாறுகிறது. சுக்குமல்லிக் காபியும் சுண்டலும் உண்டு. சிறகு அவரை ஐந்து தந்து மூக்குத்தி அவரை ஐந்து பெற்றவர், கொடுத்தவர் மறுப்பதற்குள் நகர்ந்துவிடுவார். வேலூர் இலவம்பாடி முள்ளுக் கத்தரி 2023-இல் புவிசார் குறியீடு பெற்றபின் அதன் பெயர் எழுதிய பொட்டலங்களுக்கு மதிப்புக் கூடியது. அவற்றுள் சில முள்ளில்லாமல் காய்ப்பதற்கு, ஒரே மாடியில் பலவகைக் கத்தரி பூத்து வண்டுகளும் தேனீக்களும் மகரந்தத்தைக் கலந்துவிடுவது ஒரு காரணமாகலாம், பொட்டலம் மாறியது மற்றொன்றாகலாம். வாங்கியவர் புகார் கூறுவதில்லை. அவரும் அக்காயை விதைக்கு விட்டு, புதிய பெயருடன் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவருவார். கூட்டத்துக்குப் புதிதாய் வந்த ஓர் இளம்பெண் “சார், இதை எப்படிச் சமைத்தால் நன்றாயிருக்கும்?” என்று கேட்டால் அவையில் சிறு சலசலப்பு எழும். “முளைப்புத்திறன் ரொம்ப நல்லாயிருக்கும்மா” என்பதே கிடைக்கக்கூடிய விடை.

இக்கூட்டம் நடக்கும் ஞாயிறுகளில்தான் மாடியில் அணில் தொல்லை மிகுதி என்பது கவனிக்கத்தக்கது. திரும்பிவந்து பார்க்கையில் நூல் கட்டிய பிஞ்சுகளுள் இரண்டு மூன்று காணாமற்போயிருக்கும். அன்றைய மதியச் சாப்பாட்டில் எண்ணெய்க் கத்தரிக்காய் குழம்பு இருந்தது வேறு செய்தி. அவர் வலை வாங்குவார், பின்பு அடர்ந்த வலை வாங்குவார், இறுதியில் அடுத்த கூட்டத்தில் அணில் மேலாண்மை என்னும் பொருளில் உரையாற்றுவார். கடித்த காம்பு கத்தியால் அரிந்ததுபோல் நேராக இருப்பது ஏன் என்று ஒருவர் எழுந்து ஐயம் எழுப்ப, சில அணில்கள் அப்படித்தான் கடிக்கும் என்று முன்வரிசையிலிருந்து நான்கைந்து பேர் தத்தம் வீட்டு அனுபவத்தைக் கொண்டு உறுதி கூறுவர்.