சுண்டைக்காயும் சுமைகூலியும்: எபாக்சி ரெசின் கலையின் தொடக்கச் செலவுகள் குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்பது தமிழ்ப் பொருளியலின் பழந்தேற்றங்களுள் ஒன்று. எல்லாரும் எடுத்தாள்கிறார்களே தவிர, இதை யாரும் முறைப்படி நிறுவியதாகத் தெரியவில்லை. சுண்டைக்காய் விலை பருவத்துக்குப் பருவம் மாறுவதும், கூலிக்குச் சுமப்போர் அருகிப்போனதும் ஆய்வாளர்களைத் தயங்க வைத்திருக்கலாம். நகரத்து வீடுகளில் அண்மைக்காலமாகப் பரவிவரும் எபாக்சி ரெசின் கலை அந்தத் தயக்கத்தைப் போக்கிவிட்டது. சரக்கு தனியாகவும் சுமைகூலி தனியாகவும் ரசீதோடு கிடைக்கும் அரிய துறை இது. பழமொழி சுமைகூலியைக் குறைத்தே மதிப்பிட்டிருக்கிறது என்பதே இவ்வாய்வின் முடிவு.

1. முன்வரலாறு

1930களில் பியர் காஸ்டன் என்ற சுவிட்சர்லாந்து வேதியியலர் பல்செட் செய்ய ஏற்ற பொருளைத் தேடிப்போய் எபாக்சி ரெசினைக் கண்டடைந்தார். பல்செட் எடுபடவில்லை. உரிமம் சீபா நிறுவனத்தின் கைக்குப் போனது. 1946இல் பாசல் நகரத் தொழிற்பொருட்காட்சியில் அதே சரக்கு அரால்டைட் என்ற பெயரில் பசையாக அறிமுகமானது.

நம் வீடுகளுக்குள்ளும் எபாக்சி முதலில் கலையாக வரவில்லை. இரண்டு ட்யூபாக வந்த அரால்டைட், ஒழுகும் குழாயில் பிசைந்து அப்பிய எம்-சீல் என்றுதான் வந்தது. அந்தக் காலத்தில் அதன் செலவைப் பற்றி யாரும் ஆய்வு செய்யவில்லை. செய்யவும் தேவை இருக்கவில்லை. பொருள் உடைந்தது, எபாக்சி வாங்கினோம், ஒட்டினோம், மிச்ச ட்யூப் பரணுக்குப் போயிற்று. இன்று வரிசை தலைகீழாகிவிட்டது. முதலில் எபாக்சி வாங்குகிறோம்; அதை என்ன செய்வது என்று பிறகு யோசிக்கிறோம். செலவு என்னும் ஆய்வுப்பொருள் பிறந்த இடம் இதுதான்.

2. சரக்கின் இயல்பு

ரெசின் இரண்டு பாட்டில்களில் வருகிறது. ஒன்றில் ரெசின், மற்றதில் ஹார்டனர். எடைக்கு 2:1 அல்லது 3:1 என்று நிறுவனத்துக்கு நிறுவனம் விகிதம் மாறும். விகிதம் பிசகினால் படைப்பு கடைசிவரை பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். கலந்துவிட்டால் பிரிக்க முடியாது. இது காய்ந்து இறுகுவதில்லை. வேதிவினையால், சூட்டை வெளியிட்டுக்கொண்டு இறுகுகிறது. ஒரே கப்பில் அதிகம் கலந்துவைத்தால் அந்தச் சூடே வினையை முடுக்கிவிட, கலவை புகைந்து கப்பையும் உருக்கிவிடும்.

25 டிகிரி செல்சியஸில் அரை மணிநேரம் அவகாசம் உண்டு என்று பாட்டிலில் எழுதியிருந்தால், எழுதியவர் சித்திரை மாதத்துச் சென்னையைப் பார்க்காதவர் என்று கொள்க. வெப்பம் 10 டிகிரி ஏறினால் அவகாசம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். 35 டிகிரி அடிக்கும் கூடத்தில் கால் மணிநேரம் கிடைத்தால் பெரிது.

ஆகவே கலந்த ரெசினைக் கலந்த கையோடு ஊற்றியாக வேண்டும். இட்லி மாவைப்போல மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்து, நாளைக்கு ஊத்தப்பம் ஊற்றிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கு இடமில்லை. இப்பொருளின் பொருளாதாரம் முழுவதும் இந்த ஒரே பண்பிலிருந்துதான் கிளைக்கிறது.

3. மாதிரி மதிப்பீடு

நான்கு கோஸ்டர் செய்ய விரும்பும் புதியவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சந்தையில் விலைகள் ஏறி இறங்குபவை. கணக்குக்காக முழு எண்களாக்கிக் கொள்கிறோம். ரெசினும் ஹார்டனரும் சேர்ந்து 1 கிலோ, ரூ. 1,000. சிலிக்கோன் மோல்டு 250. மினுமினுக்கும் மைக்கா பவுடர் 300. நிறமிகள் 300. குமிழி போக்க ஹீட் கன் 1,000. நைட்ரைல் கையுறை ஒரு பெட்டி 500. டிஜிட்டல் தராசு 400. வாயு வடிகட்டி பொருத்திய சுவாசக் கவசம் 1,500. மேசை விரிப்பு 300. கப்பும் குச்சியும் 150. தங்க நிறத் தாள் 100. ஆகமொத்தம் ரூ. 5,800.

இதில் ரெசினின் பங்கு 1,000. அதாவது ஏறக்குறைய ஆறில் ஒன்று. பழமொழி சொன்ன கால் பங்குகூட இல்லை.

கணக்கு இத்தோடு நிற்கவில்லை. 10 செ.மீ. விட்டமும் 8 மி.மீ. கனமும் கொண்ட கோஸ்டரின் கொள்ளளவு சுமார் 63 மில்லி. நான்குக்கு 252 மில்லி. ரெசின் தண்ணீரைவிடச் சற்றுக் கனமானது, மில்லிக்கு 1.1 கிராம் என்று வைத்தால் 280 கிராம் தேறும். அதன் மதிப்பு ரூ. 280. 5,800 ரூபாய் செலவில் உண்மையாகவே கோஸ்டராக மாறிய சரக்கு இருபதில் ஒரு பங்கு. நம் பழைய கணக்குவாய்ப்பாட்டில் இதற்கு ஒரு மா என்று பெயர். ஒரு மா சுண்டைக்காய், பத்தொன்பது மா சுமைகூலி என்று பழமொழியைத் திருத்தி வாசிக்க இவ்வாய்வு பரிந்துரைக்கிறது.

"கருவிகளெல்லாம் ஒரு தடவைச் செலவுதானே? அடுத்த தடவை ரெசின் மட்டும் வாங்கினால் போதுமே" என்று எதிர்வாதம் எழும். ஏட்டளவில் நியாயமான வாதம். நடைமுறையில் அதை முறியடிப்பது அடுத்து வரும் விதி.

4. மிச்ச விதி

280 கிராம் வேண்டியவர் யாரும் 280 கலப்பதில்லை. கப்பில் ஒட்டுவது, குச்சியில் ஒட்டுவது என்று நினைத்து 300 கலப்பார்கள். 20 கிராம் மிஞ்சும். அதன் மதிப்பு இருபது ரூபாய். ஆனால் அது கண்ணெதிரே இறுகிக்கொண்டிருக்கிறது. பொருளை வீணாக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்ட தமிழ்க் குடும்பத்து மனசு இதைத் தாங்காது. அந்த இருபது ரூபாயைக் காப்பாற்ற, அடுத்த முறைக்கென்று 250 ரூபாய்க்கு எழுத்து வடிவக் கீசெயின் மோல்டு ஒன்று வாங்கப்படுகிறது.

ஆங்கில எழுத்து 26. எழுத்துக்கு 5 கிராம் என்றால் முழு மோல்டுக்கு 130 கிராம் வேண்டும். அடுத்த முறை மிஞ்சும் 20 கிராமில் நான்கு எழுத்துதான் நிரம்பும்; குழந்தை விக்னேஷுக்கு வேண்டிய எழுத்தோ இருபத்திரண்டாவது இடத்தில் இருக்கிறது. சரி, மோல்டையும் நிரப்பிவிடலாம் என்று இன்னும் 110 கிராம், ஒட்டுவதற்குக் கொஞ்சம் கூடுதலாக 125 கிராம் கலக்கப்படுகிறது. மறுபடி 15 கிராம் மிச்சம். அதற்குக் காதணி மோல்டு. காதணிக்குக் கொக்கி. கொக்கி மாட்டத் துளைபோடும் கருவி. (தமிழின் 247 எழுத்துக்கும் இதே அளவில் மோல்டு செய்தால் ஒரு சுற்றுக்கு 1,235 கிராம் பிடிக்கும். மொழிப்பற்று உள்ளவர்களும் வீட்டு வரவு செலவு பார்ப்பவர்களும் இந்த எண்ணைத் தனித்தனிக் காரணங்களுக்காகக் குறித்துக்கொள்ளலாம்.)

இதிலிருந்து பெறப்படும் விதி: ரெசின் கலையில் செலவு பிறப்பது ஆசையால் அன்று, சிக்கனத்தால். ஊதாரிகள் மிச்சத்தை இறுகவிட்டுக் குப்பையில் போட்டு, இருபது ரூபாயோடு தப்பித்துவிடுகிறார்கள். சிக்கனக்காரர்கள்தான் திவாலாகிறார்கள்.

5. களநிலைமைகள்

பாட்டிலில் எழுதாத செலவுகளும் உண்டு. கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் ஹார்டனர் வினைபுரிந்து, இறுகிய பரப்பின்மேல் எண்ணெய்ப் பிசுக்குப்போல ஒரு படலம் பூக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது உறுதி. தீர்வு, ஏசி அறை. ஆகவே மின்கட்டணத்தையும் மூலதனத்தில் சேர்க்கலாம்.

ரெசின் தானாகவே மட்டம் பார்த்துக்கொள்ளும் திரவம். மேசை சாய்ந்திருந்தால் கோஸ்டரும் ஒருபக்கம் தடித்து இறுகும். தண்ணீர் வடியச் சாய்த்துத் தளம் போட்ட பால்கனியில் இக்கலையைப் பயில்வோர் கொத்தனாரிடம் ரசமட்டம் இரவல் வாங்கியாக வேண்டும். அவர் எதற்கு என்று கேட்பார். பதில் தயாராக இருக்கட்டும்.

ஒரு நாள் முழுக்க இறுகவேண்டிய பரப்பில் ஃபேன் காற்றில் வரும் தூசி, தலைமுடி, கொசு ஆகியவை தஞ்சமடையும். பிசினில் சிக்கிய கொசுவைப் பல கோடி ஆண்டு கழித்துப் போற்றும் விஞ்ஞானிகள் உண்டு. கோஸ்டர் வாங்குபவர்கள் அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை.

6. பயன்பாடு குறித்த அடிப்படைக் கேள்வி

புதியவர் செய்யும் முதல் பொருள் பெரும்பாலும் கோஸ்டர். ஃபில்டர் காபி குடிக்கும் வீட்டில் கோஸ்டரின் பணி என்ன? டம்ளரின் சூடு மேசையில் படாமல் காப்பது. அந்தப் பணியை டவரா எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆற்றவும் உதவும், கைதவறிச் சிந்தியதை ஏந்திக்கொள்ளவும் செய்யும். களஆய்வின்போது மாமியார் ஒருவர் இந்தக் கேள்வியைச் சுருக்கமாக எழுப்பினார்: "ஏம்மா, நம்ம வீட்டுல டவரா இல்லையா?" மருமகளிடமிருந்து இதுவரை எழுத்துபூர்வமான மறுப்பு வரவில்லை.

இதைவிடச் சிக்கலான உண்மை ஒன்றும் உண்டு. கலைக்கென்று விற்கும் சாதாரண ரெசின் இறுகிய பிறகும் 50, 60 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கும். சூடான காபியோ 70 டிகிரிக்கு மேல் இருக்கும். எவர்சில்வர் டம்ளர் அதை அப்படியே அடிப்பக்கம் கடத்தும். விளைவு, கோஸ்டரின் மேல் வட்டத் தழும்பு. ஆகவே கோஸ்டரைக் காப்பாற்ற அதன்மேல் டவராவை வைப்பதே சரியான நடைமுறை. வெப்பம் தாங்கும் ரெசின் என்று தனியாக விற்கிறது. அதன் விலையை மேற்படி மாமியார் இன்னும் அறியவில்லை.

7. பகிர்மானம்

செய்த பொருள்கள் வீட்டில் தங்குவதில்லை. 1922இல் மானுடவியலர் மாலினோவ்ஸ்கி தம் நூலில், டிரோபிரியாண்ட் தீவுகளில் சிப்பி மாலைகள் ஒரு திசையிலும் சிப்பி வளைகள் எதிர்த்திசையிலும் கை மாறிக்கொண்டே இருக்கும் குலா என்னும் முறையை விரித்து எழுதினார். எவரும் நெடுநாள் வைத்துக்கொள்ளாமல் அடுத்தவருக்குக் கொடுத்தாக வேண்டும். நவராத்திரித் தாம்பூலத்து ரவிக்கைத் துணியைப் பார்த்த எவருக்கும் இதில் வியப்பில்லை. மேற்கு மாம்பலத்தில் புறப்பட்டு, நங்கநல்லூர், அம்பத்தூர் வழியாகப் புறப்பட்ட வீட்டுக்கே திரும்பும் அந்த வட்டத்தில் ரெசின் கீசெயின் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. ரவிக்கைத் துணிக்கு இல்லாத ஒரு குறை இதற்கு: வேறொருவர் பெயரின் முதலெழுத்து அதில் பதிந்திருப்பதால் சுழற்சி தடைபடுகிறது.

8. வணிகமயமாதல்

போட்டதை எடுக்க விற்பது என்ற கட்டம் தவிர்க்க முடியாதது. "அக்கா, இதே ஆன்லைன்ல நாலு பீஸ் இருநூறு ரூபாய்க்குக் கிடைக்குதே" என்ற பதிலும் தவிர்க்க முடியாதது. உண்மையான தேவை உள்ள கிளை ஒன்றே ஒன்று: கல்யாண மாலையை ரெசினில் பதித்துக் காப்பது. அந்த மாலையை ஆன்லைனில் மலிவாக வாங்க முடியாது. ஆனால் பூவைச் சிலிக்கா ஜெல்லில் முழுதாக உலர்த்த வேண்டும். ஈரம் மிஞ்சினால் பழுப்பேறும். 20க்கு 20 செ.மீ., 5 செ.மீ. கனச் சட்டத்தின் கொள்ளளவு 2 லிட்டர். பூ அடைக்கும் இடம் போக மீதி முழுவதும் ரெசின். சூடேறாமலிருக்க அதை அடுக்கடுக்காக, நாள்கணக்கில் ஊற்ற வேண்டும். நடுவில் ஓர் அடுக்கு பிசகினால் மாற்று மாலைக்காக அந்தத் தம்பதி இன்னொரு தடவை கல்யாணம் செய்துகொள்ள மாட்டார்கள்.

9. முடிவும் பரிந்துரைகளும்

ரெசின் கலையில் ரெசின் மலிவு. ரெசினைச் சுற்றியுள்ளவை விலை அதிகம். மிச்சத்தைக் காப்பாற்றும் முயற்சியே எல்லாவற்றிலும் விலை அதிகம். எனவே புதியவர்கள் சிறிய பாட்டிலாக வாங்குக. மோல்டில் தண்ணீரை ஊற்றி அளந்து, 1.1ஆல் பெருக்கி, அவ்வளவே கலக்குக. மோல்டைத் துடைத்து உலர்த்திய பிறகே ரெசினை ஊற்றுக. மிஞ்சியதைக் கப்பிலேயே இறுகவிட்டுக் குப்பையில் போடுக. இறுகாததைச் சிங்க்கில் கொட்டாதீர்கள். சமையலறைத் தராசை இதற்கு எடுத்தால், அது திரும்பச் சமையலறைக்குப் போகக் கூடாது.

சிக்கனம் பிடிக்கவே கூடாத இரண்டு இனங்கள் கையுறையும் சுவாசக் கவசமும். இறுகாத ரெசினும் ஹார்டனரும் தோலில் மீண்டும் மீண்டும் பட்டால் ஒவ்வாமை வரலாம். ஒருமுறை வந்துவிட்டால் அது பெரும்பாலும் வாழ்நாளுக்கும் போகாது. துணி முகக்கவசம் தூசியை மறிக்குமே தவிர ஆவியை மறிக்காது. மேற்கண்ட கணக்கில் இவ்விரண்டுக்கும் ரூ. 2,000 ஆகிறது. சுமைகூலியில் பேரம் பேசாமல் கொடுக்க வேண்டியது அந்தத் தொகை ஒன்றுதான். மற்ற எல்லாவற்றிலும் தாராளமாகப் பேரம் பேசுங்கள்.