உப்புக்கும் தண்ணிக்கும் நடந்த கல்யாணம்

ஏலே, நாலு வருசம் படிச்சு இன்சினியர்னு வந்து நிக்கிறவனே, இப்படித் திண்ணையில உக்காரு. கிணத்து மோட்டாரத் தொட்டா சுர்ருங்குதுன்னு சொன்னதுக்கு, எர்த்துக் குழியில மூணு மூட்டை கரியைத் தட்டச் சொன்னியாமே? கரி கூடக்கூட கரண்டும் கூடும்னு கணக்காம். நல்ல கணக்குதான், வாத்தியார் திருத்தாம விட்டுட்டாரு போல.

மரக்கரியை 600 டிகிரிக்குக் கீழ சுட்டு எடுத்தா, அது கரண்டுக்கு வழியே விடாது. ஆயிரத்துப் பக்கம் வெந்தாத்தான் மனசு இளகும். பொறவு எதுக்கு அதப் போடுதோம்? ஈரத்தக் குடிச்சு வச்சுக்கிடும், அம்புட்டுதான். கரண்டக் கடத்துதது, கரியோட குழியில போடுத உப்பு கரைஞ்ச தண்ணி. காஞ்ச உப்புல கரண்டு ஓடாது. சுத்தமான தண்ணியிலயும் ஓடுதுன்னு சொல்ல முடியாது. ரெண்டு சோம்பேறியையும் கட்டி வச்சா, பொறக்குற பிள்ளை ஓடியாடுது பாத்தியா! நம்ம வீட்டுல அது நடக்கல, அது வேற விசயம்.

மண்ணும் அப்படித்தான். மண்ணுத் துகள் கரண்டக் கடத்தாது. துகளுக்கு இடையில இருக்க ஈரம்தான் கடத்தும். நம்மூரு சூரியகாந்தித் தோட்டத்துல செல்பி எடுக்க வாறவன் செருப்பெல்லாம் சேறாகுத ஆடிச் சாரல்ல நம்ம குழி ஜோரா வேலை செய்யும். பங்குனி வெயில்ல ஈரம் அங்கங்க அத்துப் போயிரும். உப்பு உள்ளதான் கிடக்கும், வழிதான் இருக்காது.

நம்பலேல்லா? நேத்து ஹார்லிக்ஸ் பாட்டில்ல என்ன பண்ணுனோம்? பரோட்டா பொட்டலத்து வெள்ளித்தாள கோலிக்குண்டுல சுத்தி, சும்மாக் குண்டோட கலந்து, அடியில ஒரு தகடு, மேல ஒரு தகடு வச்சு, உன் மீட்டர மாட்டுனோம். நூத்துக்குப் பத்து வெள்ளிக்குண்டு: ஊமை. இருபது: ஊமை. “தாத்தா, மீட்டர் பழுது”ன்ன. முப்பதுக்கு வந்ததும் ஒருதரம் குலுக்குனா கத்துது, மறுதரம் குலுக்குனா கம்முனு கிடக்குது. நாப்பதுக்குப் பொறவு எப்படிக் குலுக்கினாலும் கத்துச்சு. இருபதுக்கு இருபது பங்கு கரண்டு வந்துச்சாலே? எத்தனை குண்டுங்கிறது இல்ல பேச்சு, மேல இருந்து கீழ வர தொட்டுக்கிட்டு நிக்கிதாங்கிறதுதான்.

இதுக்குக் கணக்கு எழுதுனவங்க ப்ராட்பென்ட், ஹேமர்ஸ்லின்னு ரெண்டு வெள்ளைக்காரங்க, 1957-ல. அதுல ப்ராட்பென்டுக்கு இந்த யோசனை வந்ததே நிலக்கரிச் சுரங்க ஆளுகளோட முகமூடியில இருக்க கரியில காத்து எப்படி நுழையும்னு பாக்கப் போயிதான். உன் மூணு மூட்டை கரிக்கு அந்த யோகம் இல்ல.

பாட்டில்ல முப்பது போதும்னா, தாள்ல கட்டம் போட்டா பத்தாது. சதுரக்கட்டங்களக் கண்டபடி நிரப்புனா, மேல இருந்து கீழ வழி கிடைக்க நூத்துக்கு 59 கட்டமாவது நிரம்பணும். பாட்டில்ல மேலயும் கீழயும் சுத்திப் போகலாம், தாள்ல எங்க போக?

1971-ல லாஸ்ட், தவ்லெஸ்னு ரெண்டு பேரு கரண்டு கடத்துத கிராபைட் தாள்ல தாறுமாறா ஓட்டை போட்டுக்கிட்டே அளந்தாங்க. அந்தத் தவ்லெஸ் 2016-ல நோபல் பரிசு வாங்குன மனுசன். ஓட்டை கூடக்கூட வழி அடையும், அதத் திருப்பிப் பாத்தா என்ன தெரியுது? வழி தொறந்த உடனே கரண்டு பாஞ்சிராது, மெள்ளத்தான் ஏறும். ஏன்னா, தொட்டுக்கிட்டு இருக்கவனெல்லாம் சுமக்க மாட்டான். பாதிப்பேரு முட்டுச்சந்து. கல்யாணப் பத்திரிகையில பேரு முதல் வரியில இருக்கும், பந்தியில ஒரு சாம்பார் வாளி தூக்க மாட்டான். உன் பெரிய மாமன நான் சொல்லல.

சரி, மெயின ஆஃப் பண்ணிட்டு மோட்டாரு காயில்ல எங்க கசியுதுன்னு முதல்ல பாரு. அத விட்டுட்டுக் குழிய மட்டும் நோண்டாத. பொறவு ரெண்டு குடம் தண்ணி ஊத்து. அந்த ஹார்லிக்ஸ் பாட்டிலக் கழுவி வச்சிரு, உங்க பாட்டி நேத்துல இருந்து தேடுதா.