ராயர் கண்ட கனவும் ராஜபாளையத்துத் தெலுங்கும்

கிருஷ்ணதேவராயர் கலிங்கச் சண்டைக்குப் போகிற வழியில், கிருஷ்ணா நதிக்கரை ஸ்ரீகாகுளத்தில் ஏகாதசி விரதமிருந்து படுத்தார். விடியற்காலக் கனவில் ஆந்திர விஷ்ணு வந்து, ஸ்ரீரங்கத்தில் நடந்த தன் கல்யாணத்தைத் தெலுங்கில் பாடச் சொல்லிவிட்டுப் போனார். பெண் யார்? ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாழ்வார் வீட்டு ஆண்டாள். ராயர் துளுவ வம்சம், ராஜ்யம் கன்னடம், பாட்டு தெலுங்கு, கதாநாயகி தமிழச்சி. 'ஆமுக்தமால்யதா' இப்படிப் பிறந்தது. இன்றைக்கென்றால் நாலு மாநிலத்திலும் பஸ் ஓடியிருக்காது.

பாட்டோடு விட்டார்களா? 1529 வாக்கில் மதுரையில் ராயர் ராஜ்யத்து ஆளாக விசுவநாத நாயக்கர் உட்கார்ந்தார், நாட்டை 72 பாளையமாகக் கூறுபோட்டார். கம்மவார், ரெட்டியார், ராஜுக்கள் என்று கூட்டங்கூட்டமாகக் கரிசலுக்கு வந்து சேர்ந்தார்கள். ஆனால் கரிசல் வீடுகளில் தாத்தாமார் சொல்லும் கதையில் படையும் கிடையாது, பாளையமும் கிடையாது. வடக்கே ஒரு ராஜா பெண் கேட்டானாம், கொடுக்க மனசில்லாமல் ராவோடு ராவாகக் கிளம்பினார்களாம், குறுக்கே வந்த ஆற்றுக்கு மரமே வளைந்து பாலம் போட்டதாம். ஜெயித்து வந்தோம் என்றால் ஊர்க்காரன் முறைப்பான். அழுதுகொண்டு வந்தோம் என்றால் மோர் கொடுப்பான். விவரமான ஆட்கள்.

நாயக்கர் ஆட்சி போயும் தெலுங்கு தங்கிவிட்டது. பின்லாந்திலும் இதே கூத்துதான். பல நூற்றாண்டு ஆண்ட ஸ்வீடன் 1809இல் அந்த நாட்டை ருஷ்யாவிடம் பறிகொடுத்தது. ராஜா போனார், பேச்சு தங்கிவிட்டது. இன்றும் நூற்றுக்கு ஐந்து பேர் வீட்டில் ஸ்வீடிஷ் பேசுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், பின்லாந்தின் தேசிய கீதத்தை ரூனெபெர்க் எழுதியதே ஸ்வீடிஷில்தான். இங்கேயும் கரிசல் தமிழுக்கு அகராதி போட்ட கி. ராஜநாராயணன் தெலுங்கு வீட்டுப் பிள்ளை. வந்தவனுக்குத்தான் ஊர்மேல் இத்தனை வாஞ்சை. இருந்தவன் திண்ணையில் தூங்குகிறான்.

ராஜபாளையத்து பி.எஸ். குமாரசாமி ராஜா 1949இல் சென்னை மாகாண முதலமைச்சரானார். அந்தக் காலத்தில் ஆந்திரர்கள் தனி மாநிலம் கேட்டுத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவரே நாற்காலியில் இருக்கிறாரே என்று அவர்கள் சமாதானமாகவில்லை. அவர்கள் கணக்கில் ராஜா தமிழர். தமிழர் கணக்கில் அவர் யார் என்பது கேட்கிறவரின் கட்சியைப் பொறுத்தது.

இப்படித் தங்கிவிட்ட பேச்சை ஆண்டவர்களின் பாஷை என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். பின்லாந்துக் கடலோரத்தில் வலை இழுத்தவனும் ஸ்வீடிஷ்தான் பேசினான். அவன் யாரை ஆண்டான்? இங்கே விடிகாலையில் தெருக்கூட்ட வருகிற அருந்ததியர் பலருக்கும் வீட்டுப் பேச்சு தெலுங்குதான். வந்தேறி, ஆண்ட பரம்பரை என்று மேடையில் முழங்குகிறவர், குப்பை வண்டி வரும்போது மட்டும் சரித்திரத்தை மூடி வைத்துவிடுவார்.

பின்லாந்தில் ஓர் ஊரில் சிறுபான்மை மொழிக்காரர் நூற்றுக்கு எட்டு பேர் அல்லது மூவாயிரம் பேர் இருந்தால் அது இருமொழி ஊர். தெருப்பலகையும் இரண்டு மொழியில். அந்தச் சட்டத்தை ராஜபாளையத்திலிருந்து ஆலங்குளம் வரை அமல்படுத்தினால் போர்டு எழுதும் பெயிண்டருக்கு ஆயுசுக்கும் வேலை. படிக்கத்தான் ஆள் கிடைக்காது. நம்ம தெலுங்கர்கள் பள்ளிக்கூடம் போனது தமிழில். வீட்டில் தெலுங்கில் சண்டை போட்டுவிட்டு, கோர்ட்டுக்கு மனு எழுதுவது தமிழில்தான்.