தட்டுக்கழி யார் கையில இருக்குது?

ஏம்மா மருமவளே, ஆயுசெல்லாம் குழிக்குள்ள காலை விட்டுக்கினு தறி மிதிச்ச கெழவங்கிட்ட வந்து, பாப்பாவை எந்த டான்ஸ் ஸ்கூல்ல சேக்கலாம்னு கேக்கறியே, உனக்குக் குசும்பு கொஞ்சம் ஜாஸ்திதான். கேட்டுட்ட. கேட்டா சும்மா இருக்கற வாயா இது?

மொதல்ல போர்டைப் பாரு. போர்டுல நடராஜர் எவ்ளோ பெருசா இருக்காரோ அவ்ளோ ஒசத்தி. அவரு காலுக்குக் கீழ ‘பரதம், வெஸ்டர்ன், ஜும்பா, கீபோர்டு, அபாகஸ், ஹிந்தி’ன்னு வரிசையா எழுதியிருந்தா இன்னும் விசேஷம். ஒரே மாடியில பாப்பா பரதமும் கத்துக்கும், உன் ஊட்டுக்காரன் தொப்பையும் கொறையும். அடுத்தது, ஏசி இருக்குதா, வண்டி நிறுத்த எடம் இருக்குதான்னு பாரு. டீச்சரம்மா ரீல்ஸுக்கு எத்தினி லைக்கு விழுதுன்னு எண்ணு. கடைசியா, “எத்தினி மாசத்துல சலங்கை கட்டி மேடை ஏத்துவீங்க?”ன்னு கேளு. “மூணே மாசம் ஆன்ட்டி, நாலாவது மாசம் உலக சாதனை”ன்னு பதில் வந்தா, யோசிக்காத, அங்கயே பணத்தைக் கட்டிட்டு வா.

சிரிக்கறியா? முக்காவாசி சனம் இப்படிப் பாத்துத்தான் சேக்குது. நீயும் போன வாரம் அந்த ஏசியைத்தான் என்கிட்ட ரெண்டு வாட்டி சொன்ன.

இந்த உலக சாதனை இருக்குதே, அது நல்ல ஏற்பாடு. 2010-ல தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்கு ஆயிரமாவது வருஷம்னு ஆயிரம் பேர் சேந்து ஆடினாங்க. பத்மா சுப்ரமணியம் அம்மா முன்ன நின்னாங்க. அது வேற, கத்துத் தேறினவங்க ஆடினது. 2024 டிசம்பர் கடைசியில கொச்சி ஸ்டேடியத்துல பதினோராயிரம் பேருக்கு மேல நின்னு ஆடினாங்க, காசு வசூலைப் பத்திப் பெரிய பஞ்சாயத்தே நடந்துது. அந்த மாதிரி எடத்துல உம் பொண்ணு நின்னா, நீ கேலரியில குந்திக்கினு “அதோ அதோ, செவப்புப் பாவாடை”ம்ப. அத்தினி பேரும் செவப்புப் பாவாடைதான். எவ புள்ளையோ தப்பா ஆடினதைப் பாத்து நீ கண்ணு கலங்கிட்டு வருவ. சான்றிதழ் மட்டும் உம் பொண்ணு பேருலதான் இருக்கும், கவலைப்படாத.

அப்பறம் இன்னொண்ணு சொன்ன. பரதம் ஆடின பாலசரஸ்வதி அம்மா ஏழு வயசுலயே அரங்கேற்றம் பண்ணிட்டாங்க, பாப்பாவுக்கு இப்பவே அஞ்சு முடிஞ்சிடுச்சேன்னு அங்கலாய்ச்ச. மெய்தான். 1925-ல, நம்ம காஞ்சிபுரத்துலதான், அம்மனாட்சி அம்மன் கோயில்ல ஆடினாங்க. ஆனா அந்தப் புள்ளைக்குப் பாட்டி யாரு? வீணை தனம்மாள். அம்மா ஜெயம்மாள், நின்ன எடத்துல பாடறவங்க. சொல்லிக்கொடுத்தவரு கந்தப்பா பிள்ளை, தஞ்சாவூர் நால்வர்னு சொல்றாங்களே, சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு, அவங்க வழியில வந்தவரு. நாலு வயசுலயிருந்து பாலாம்மாவைப் பழக்கினவரு, கண்டிப்புன்னா அப்பிடியொரு கண்டிப்பாம். அந்த ஊட்டுல தூங்கற புள்ளை காதுலயும் ராகம் விழும். உன் ஊட்டுல தூங்கற புள்ளை காதுல என்ன விழுது? மாமியா மருமவ சீரியல். எங்க அண்ணி, அதான் உன் மாமியா, அவங்க குரலும் உங்குரலும் கொஞ்சம் அதிகமாவே விழுது.

அப்பறமா பாலாம்மாவுக்கு நட்டுவாங்கம் பண்ணினவரு நம்ம காஞ்சிபுரம் எல்லப்பா. பாலாம்மா ஆட்டத்தை சத்யஜித் ராய் 1976-ல படமாவே எடுத்தாரு. அதுக்கு மூணு வருஷம் முன்னாடி, 1973-ல மெட்ராஸ் மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி பட்டம் குடுத்துது. ஆடறவங்களுக்கு சங்கீதப் பட்டம்! ஏன்னா அந்தம்மா பாடிக்கிட்டே அபிநயம் புடிப்பாங்க. ஆகையினால, சேக்கப் போற எடத்துல டீச்சரம்மா வாயைத் தொறந்து பாடுதா, இல்ல ப்ளூடூத் பொட்டியைத் தட்டி உட்டுட்டு போன்ல பேசப் போயிடுதான்னு பாத்துக்கோ.

நடுவுல ஒரு சங்கதி. இன்னிக்கு உம் பொண்ணு சலங்கை கட்டினா தெருவே பெருமையாப் பாக்குது. தொண்ணூறு, நூறு வருஷம் முன்னாடி இதே ஆட்டத்தை ஆடினவங்களைப் பெரிய மனுசங்க கேவலமாப் பேசினாங்க. வக்கீல் ஒருத்தரு, ஈ. கிருஷ்ணய்யர், தானே பொம்பள வேஷம் கட்டி ஆடிக்காட்டி இது ஒசந்த கலைன்னு வாதாடினாரு. 1936-ல ருக்மிணி தேவி கலாக்ஷேத்ரா ஆரம்பிச்சாங்க. ஆட்டம் மேடை ஏறிடுச்சி. தலைமுறை தலைமுறையா அதைக் காப்பாத்தின குடும்பத்துப் பொம்பளைங்க பாதிப் பேரு கீழயே நின்னுட்டாங்க. “இது எங்க பரம்பரைச் சொத்து”ன்னு எந்த டீச்சரம்மாவாவது பீத்திக்கினா, எந்தப் பரம்பரைன்னு மெதுவாக் கேட்டுப் பாரு. வேடிக்கையா இருக்கும்.

இப்ப காசு விஷயத்துக்கு வரேன். இதுல நம்ம ஊரு திருமுக்கூடலை மிஞ்ச ஆளு கெடையாது. பாலாறு, செய்யாறு, வேகவதி மூணும் சேர்ற எடத்துல அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில் இருக்குதே, தெனம் ஜல்லி லாரி கெளப்பற புழுதிக்கு மூக்கைப் பொத்திக்கினு தாண்டிப் போறியே, உள்ள செவுத்துக் கல்லுல என்ன எழுதியிருக்குதுன்னு ஒரு நாளாவது நின்னு பாத்தியா? வீரராஜேந்திர சோழன் காலம், ஆயிரம் வருஷத்துக்குக் கொஞ்சம்தான் கொறைச்சல். பதினைஞ்சு படுக்கையோட ஒரு ஆஸ்பத்திரி. வைத்தியருக்கு வருஷத்துக்கு 90 கலம் நெல்லு, 8 காசு. அறுவை வைத்தியம் பண்றவருக்கு 30 கலம். பச்சிலை கொண்டாறவங்களுக்கு, நோயாளியைப் பாத்துக்கற பொம்பளைங்களுக்கு இவ்ளோ இவ்ளோன்னு தனித்தனிக் கணக்கு. கூடவே வேதமும் எலக்கணமும் படிக்கற புள்ளைங்களுக்குச் சோறு, சனிக்கெழமை தலைக்கு எண்ணெ வரைக்கும் எழுதி வச்சிருக்கான். ராஜாவே மொதல்ல கணக்கைக் கல்லுல வெட்டிட்டுத்தான் பள்ளிக்கூடம் நடத்தினான்.

உன் டான்ஸ் ஸ்கூல்காரன் மாசக் கட்டணத்தை மட்டும் சொல்லுவான். அப்பறமா ஒவ்வொண்ணா வாட்ஸப்புல வரும். சலங்கை பூஜைக்கு இவ்ளோ, ஆண்டு விழாவுக்கு இவ்ளோ, மேக்கப்புக்கு, வீடியோவுக்கு, டீச்சருக்கு எல்லாரும் சேந்து வாங்கற பட்டுப் பொடவைக்கு. கடைசியா அரங்கேற்றம்னு ஒண்ணு வரும் பாரு: மண்டபம், பக்கவாத்தியம், பத்திரிகை, சாப்பாடு, குரு தட்சிணை. ஒரு கல்யாணத்தை முடிச்சாப்பல இருக்கும், ஆனா மாப்பிள்ளை மட்டும் இருக்க மாட்டான். இதுல எனக்கொரு வயித்தெரிச்சல் வேற. கண்ணு நோக நாங்க நெய்ஞ்ச பொடவையைத் துண்டு துண்டா வெட்டி, மடிப்பு மடிப்பா விசிறி தெச்சி, அதுக்குத் தையக்கூலியும் உன்கிட்டயே வாங்கிக்குவாங்க. கரையையும் ஒடம்பையும் சேத்துக் கோர்வை புடிச்ச கை துடிக்குது.

ஆகவே மொத நாளே கேளு: இன்னையிலயிருந்து அரங்கேற்றம் வரைக்கும் என்னென்ன செலவு, எழுதிக் குடுங்க. கல்லுல வேணாம், காயிதத்துல போதும்.

ஆண்டு விழாவைப் பாத்து முடிவு பண்ணாத. பொடவை வாங்க வரவங்க முந்தியைப் பாத்து மயங்குவாங்க. வெவரம் தெரிஞ்சவ பின்பக்கம் திருப்பி, ஒடம்பும் கரையும் சேர்ற எடத்தை வெரலால தடவிப் பாப்பா. அதுமாரி சாதாரண செவ்வாக்கெழமை சாயங்காலம் ஒண்ணுல போய் ஓரமாக் குந்திக்கினு பாரு. என்ன பாக்கணும்? டீச்சரம்மா கையில தாளம் தட்டற தட்டுக்கழி இருக்குதா, கண்ணு புள்ளைங்க முட்டிமேல இருக்குதான்னு பாரு. தட்டடவு, “தை யா தை”ன்னு மொதக் காலத்துல மெதுவாப் போவும், எல்லாப் புள்ளையும் முட்டியை மடிச்சி அரைமண்டியில அழகா இருக்கும். ரெண்டாங் காலம் வந்ததும் பாதி முட்டி மேல ஏறிடும். மூணாங் காலத்துல எல்லாம் நேரா நின்னு பஸ்ஸுக்குக் காத்திருக்கறாப்பல தரையை ஒதைக்கும். அப்ப கழியை நிறுத்தி, “உக்காரு கண்ணு, இன்னும் உக்காரு, திரும்பவும் மொதக் காலம்”னு சொன்னா அதுதான் டீச்சர். “சூப்பர் சூப்பர், அடுத்த ஸ்டெப்”னு சொன்னா, உனக்கு ஏசி மட்டும் மிச்சம்.

தரையையும் பாரு. பளபளன்னு கிரானைட்டு, கீழ காங்கிரீட்டு, அதுமேல நாலஞ்சு வருஷம் ஒதைச்சா இருபது வயசுல முட்டிக்குத் தைலம் தேய்க்கணும். மரப்பலகை போட்ட தரையோ மண்தரையோ இருந்தா நல்லது. ஒரு மணி நேர வகுப்புல நாப்பது புள்ளைங்க இருந்தா ஆளுக்கு ஒண்ணரை நிமிஷம், கணக்கு நீயே போட்டுக்கோ. ஆட வராத புள்ளை ஒண்ணு எப்பவும் கடைசி வரிசையில இருக்கும். டீச்சரம்மா அதுகிட்ட போவுதா, இல்ல அது அங்கயே குந்தி சடையைப் பின்னிக்கினு இருக்குதான்னு பாரு. வருஷக் கடைசியில உம் பொண்ணு நிக்கப் போறதும் அந்த வரிசையிலதானோ என்னவோ. உன் ஊட்டுக்காரன் கல்யாண ஊர்வலத்துல ஆடினதை நான் பாத்தவன்.

தெரு முனை போர்டெல்லாம் பாத்த உனக்குக் கவர்மென்ட்டு எடம் கண்ணுல படல பாத்தியா! காஞ்சிபுரத்துல ஓரிக்கைப் பக்கம் சதாவரத்துல அரசு இசைப்பள்ளி இருக்குது. பரதம், பாட்டு, நாயனம், தவுல், தேவாரம் எல்லாம் மூணு வருஷப் படிப்பு, கட்டணம் சொற்பம். பன்னண்டு வயசுக்கு மேலதான் சேப்பாங்க. அதுவரைக்கும் சின்னஞ்சிறுசுங்களுக்கு ஜவகர் சிறுவர் மன்றம் இருக்குது, அஞ்சு வயசுலயிருந்து பதினாறு வரைக்கும். “கவர்மென்ட்டுலயா?”ன்னு உன் மூஞ்சி சுருங்கறது எனக்குத் தெரியுது. உன் ஊட்டுக்காரனுக்குக் கவர்மென்ட்டு வேலை வேணும்னு பெருமாளுக்கு முடி எறக்கினப்ப சுருங்கலையே.

பாப்பாவுக்குப் பரதந்தான் புடிக்கும்னு யாரு சொன்னா? காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துல புஞ்சரசந்தாங்கல்ல பெருங்கட்டூர் ராஜகோபால் 2002-லயிருந்து 2020 வரைக்கும் கட்டைக்கூத்து குருகுலம் நடத்தினாரு. பள்ளிப் பாடம், கூடவே கூத்துப் பயிற்சி. பொண்ணுங்களும் கட்டைன்னு சொல்ற மர நகை கட்டி ராஜா வேஷம் போட்டு விடிய விடிய ஆடினாங்க. ஊர்க் கூத்துக்கு ஒரு ராத்திரி பாப்பாவைக் கூட்டிக்கினு போ. தூங்கிட்டா சரி, தூக்கிக்கினு வந்துடு. தூங்காம கண்ணை விரிச்சி, காலு தானாத் தாளம் போட்டா, அப்பறம் ஸ்கூலைத் தேடு. ஆட வேண்டியது அது, நீயில்ல.

செவ்வாக்கெழமை போய்க் குந்திப் பாக்கறேன்னு கேட்டா, “பேரண்ட்ஸ் உள்ள வரக் கூடாது”ம்பாங்க. ஒரு நாள் மட்டும்னு மரியாதையாக் கேளு. அதுக்கும் விடலன்னா, அட்மிஷன் ஃபாரத்தை அவங்க மேஜைமேலயே வச்சிட்டு அடுத்த பஸ்ஸைப் புடிச்சி ஊருக்கு வந்துடு.