திருப்திக்காரர்

மாத்தளையில் குறை சொல்ல ஆள் தேடவேண்டியதில்லை. மிளகு விலை, கண்டி பஸ், மழை என்று எதை எடுத்தாலும் திருகோணமலை வீதியில் நாலு பேர் கூடிவிடுவார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் பரிபூரணத் திருப்தி அடைந்தவர் கண்ணில் பட்டால் எதிர்ப்பக்கம் கடந்துவிடுவதே புத்தி. இந்த ஜாதி எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் ஊரில் இருப்பவர் மிளகு, கிராம்பு, சாதிக்காய் வாங்கி விற்கும் முதலாளி.

2010இல் வந்த 'ஹவ் டு ட்ரெய்ன் யுவர் டிராகன்' கார்ட்டூன் படத்தை மகளைச் சாக்கு வைத்துப் பார்க்க உட்கார்ந்தார். மகள் பாதியில் தூங்கிவிட்டாள். இவர் தூங்கவில்லை. 2014இல் இரண்டாம் பாகம், 2019இல் மூன்றாம் பாகம், நடுவில் தொலைக்காட்சித் தொடர்கள் வேறு. கதை முடிந்தபோது மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். முடிவு அப்பாவுக்குப் பிடித்துப்போயிற்று. எங்களுக்குப் பிடித்த சனியன் அதுதான்.

ரத்தோட்டைப் பக்கத்திலிருந்து ஒருவர் மிளகு மூட்டையோடு வருவார். முதலாளி ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் தேய்த்து, ஊதி, ஒன்றைக் கடித்துப் பார்ப்பார். விலை வாயிலிருந்து வரவேண்டிய அந்தக் கணத்தில் கறுவாப்பட்டை ஒன்றைக் கையிலெடுப்பார்.

"இந்தா பாருங்க, இதுதான் வாலுனு வச்சுக்குங்க. டிராகனுக்கு இடது பக்கத் துடுப்பு போச்சு. பையன் ஹிக்கப்புக்கு இடது கால் போச்சு. ரெண்டு பேருக்கும் ஒரே பக்கம். கவனிச்சீங்களா?"

"ஆமாங்க முதலாளி. மிளகு காஞ்சிருக்குங்களா?"

"இருங்க. ரெண்டாவதுல அப்பா செத்துடுவாரு..."

மூன்றாம் பாகத்துக்கு வருவதற்குள் பிளேன்டீ இரண்டு முறை வந்து ஆறிவிடும். ஹிக்கப் தன் டிராகனைக் கட்டிவைக்காமல் அதன் உலகத்துக்கே அனுப்பிவிடுகிறான். வருடங்கள் கழித்துப் பெண்சாதி பிள்ளைகளோடு பார்க்கப் போகிறான். தாடி வைத்த முகம் டிராகனுக்கு முதலில் பிடிபடவில்லை. இந்த இடத்தில் முதலாளி தன் தாடியைத் தடவுவார். கண் கலங்கும். எதிரே இருப்பவருக்கும் கலங்கும், காரணம் வேறு. தராசு முதலாளி கையில் இருக்கிறவரை 'தெரியும் முதலாளி, போன மாசமே சொன்னீங்க' என்று எவனால் சொல்லமுடியும்?

இவருடைய மருமகன் வேறு கட்சி. அதே 2019 மே மாதம் முடிந்த 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' எட்டு சீசனையும் பார்த்துவிட்டு, கடைசி சீசனைத் திரும்ப எடுக்கச் சொல்லிப் பத்து லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்ட மனுவில் தானும் ஒப்பமிட்டவன். அது போதாதென்று அதன் மூல நாவல் வரிசையையும் கட்டிக்கொண்டு அழுகிறான். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் ஐந்தாம் புத்தகத்தை 2011இல் தந்தார். ஆறாவதை இன்னும் தந்தபாடில்லை. மருமகன் பிளேன்டீக் கடையில் வாயைத் திறந்தால் போதும், பெஞ்சு நிறைந்துவிடும். டிராகனே தெரியாதவர்கள்கூட வந்து உட்கார்ந்து, தங்கள் வீட்டுக் கூரை ஒழுகுவதை அதோடு சேர்த்துச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். மாமாவுக்கு இது புரியவே இல்லை. "நல்லா முடிஞ்ச கதைய சொல்றேன், ஒருத்தனும் நிக்கமாட்றான். நாசமாப் போனதச் சொல்றான், திருவிழாக் கூட்டம்!"

புரிய என்ன இருக்கிறது? கல்கி 1954இல் பொன்னியின் செல்வனை முடித்தபோது, பாத்திரங்கள் பிறகு என்னவானார்கள் என்று வாசகர்கள் கேட்டுக் கேட்டு, அவர் தனியாக ஒரு முடிவுரையே எழுதவேண்டி வந்தது. இன்றைக்கும் அந்தப் பேச்சு ஓயவில்லை. எல்லாருக்கும் அன்றே வயிறு நிறைந்திருந்தால் யார் பேசியிருப்பார்கள்?

ஒருமுறை நூலக வாசலில் ஒரு பள்ளிக்கூடப் பையன் முதலாளியை மடக்கினான். அவர் சொல்லும் டிராகன் படத்தின் மூலக்கதை கிரெசிடா கவெல் எழுதியது, 2003 முதல் 2015 வரை பன்னிரண்டு புத்தகம், அதில் அந்த டிராகன் கறுப்பும் இல்லை பெரிசும் இல்லை, சுண்டைக்காய் சைஸ் என்றான். முதலாளி அவனை இரக்கத்தோடு பார்த்தார். "தம்பி, முடிவு நல்லா இருக்கா?" நல்லா இருக்கு என்றான். "பிறகென்ன!" என்று அவனுக்கு ஒரு டொபி வாங்கிக் கொடுத்து, மூன்றாம் பாகத்தின் கடைசிப் பத்து நிமிடத்தையும் சொல்லித்தான் அனுப்பினார்.

2025இல்தான் விபரீதம். அதே கதையை, அதே இயக்குநர் டீன் டெப்ளோய், நிஜ மனிதர்களை வைத்து ஆரம்பத்திலிருந்து எடுத்துவிட்டார். அடுத்த பாகம் 2027இல் என்று அறிவித்தும்விட்டார்கள். முதலாளி செல்போனில் முன்னோட்டத்தைப் பார்த்தார். போனைக் கல்லாவில் வைத்தார். கடையை மேசைப் பையனிடம் விட்டுவிட்டு நேரே பிளேன்டீக் கடைக்கு நடந்தார்.

"ஒழுங்கா முடிஞ்ச கதையப்பா! போய்ட்டு வான்னு அனுப்பி வச்சாச்சு. அத எதுக்குடா மறுபடி முதல்லேருந்து இழுக்குறானுங்க?"

பெஞ்சில் இருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். மருமகன் எழுந்து, "மாமாவுக்கு ஒரு டீ, பால் போட்டு" என்றான்.