முன்பே வந்தவர்

தென் அட்லாண்டிக் கடலிலுள்ள தென் ஜார்ஜியா தீவில் விமானத்தளம் கிடையாது. கப்பலில்தான் போக வேண்டும். அர்ஜென்டினாவின் உஷுவாயாவிலிருந்து அங்கே கிளம்பும் சுற்றுலாக் கப்பல்களில் தவறாமல் காணப்படுபவர் முன்பே வந்தவர். எழுபதை ஒட்டிய வயது. ஓய்வுபெற்ற மருத்துவராகவோ வழக்கறிஞராகவோ இருப்பார்.

உடையே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். கப்பலில் இலவசமாகக் கிடைக்கும் புதுக் குளிரங்கியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, ஏதோ பழைய பயணத்தில் வாங்கிய சாயம்போன அங்கியோடு உலவுவார். சாயம் போகப் போக மதிப்பு கூடும். கண்ணெதிரே மூச்சுவிடும் திமிங்கலத்தைவிட, அவர் போன முறை பார்த்த திமிங்கலம் எப்போதும் பெரியது.

தென் ஜார்ஜியா எலியற்ற தீவு என்று 2018-இல்தான் அறிவிக்கப்பட்டது. அயல் உயிர் எதுவும் மறுபடி நுழைந்துவிடக் கூடாது என்பதால், கரையிறங்குமுன் பயணிகளின் பூட்ஸ், சட்டைப்பை, வெல்க்ரோ பட்டை எல்லாம் சோதனைக்குள்ளாகும். புது அங்கிக்காரர்கள் சீக்கிரம் தேறிவிடுவார்கள். முன்பே வந்தவரின் வெல்க்ரோவிலோ மூன்று கண்டத்துப் புல்விதைகள் சிக்கியிருக்கும். அவருடைய பயணக் கதைகளுக்கெல்லாம் இருக்கும் ஒரே சாட்சி அவைதான். அவற்றையும் பணியாளர் இடுக்கியால் பிடுங்கிப் போட்டுவிடுவார்.

ஒரு நேரத்தில் 100 பேருக்குமேல் கரையில் இருக்கக் கூடாது. ஆகவே முதல் ரப்பர் படகில் முதல் ஆளாக அவர் உட்கார்ந்திருப்பார். செயின்ட் ஆண்ட்ரூஸ் விரிகுடாவில் சுமார் 1,50,000 ஜோடி அரச பென்குயின்கள் கூடியிருக்கும். எல்லோரும் வாயடைத்து நிற்கையில், "சாலிஸ்பரி சமவெளியைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்" என்பார். அங்கே பென்குயின்கள் இதைவிடக் குறைவு என்பது வழிகாட்டிக்குத் தெரியும்; சொல்ல மாட்டார். விலங்குகளிடமிருந்து 5 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்ற விதியை மற்றவர்களுக்கு நினைவூட்டுவதும் முன்பே வந்தவர்தான். விதியறியாத பென்குயின் ஒன்று அவரை நோக்கியே நடந்து வரும். பின்வாங்குவார், பின்னால் யானைச் சீல் ஒன்று படுத்திருக்கும்.

தீவிலுள்ள கிரிட்விகனில், 1922-இல் இறந்த துருவப் பயணி ஷாக்கிள்டனின் கல்லறை இருக்கிறது. அங்கே விஸ்கிக் கோப்பையை உயர்த்திப் பேச முன்பே வந்தவரை யாரும் அழைக்கத் தேவையில்லை. 1916-இல் ஷாக்கிள்டனும் தோழர்கள் இருவரும் இத்தீவின் மலைகளைக் கடந்தார்கள். வழியில் தங்களோடு இன்னொருவரும் நடந்ததாகத் தோன்றியது என்று ஷாக்கிள்டன் பின்னர் எழுதினார். முன்பே வந்தவர் அந்தப் பயணத்தை வருணிப்பதைக் கேட்டால், அந்த இன்னொருவர் யார் என்ற ஐயம் தீர்ந்துவிடும்.

திரும்பும் வழியில், கப்பலிலேயே அடுத்த பயணத்துக்கு முன்பதிவு நடக்கும். பழைய பயணிகளுக்குச் சலுகை உண்டு. வரிசையில் முதலில் அவர் நிற்பார். அவருக்குப் பின்னால் இம்முறை முதல்தடவையாக வந்தவர்கள் சிலர் நிற்பார்கள். அடுத்த கப்பலில் தென் ஜார்ஜியாவைப் பற்றி யாரும் அவர்களிடம் வாய்திறக்க முடியாது.