சிராங்கூன் சாலையில் லென்சுக்கு முக்காடு: ஓர் ஆராய்ச்சி

பழைய லென்சுக்கு ஹூட் மாட்டுவதா, ஃபில்டர் திருகுவதா என்ற வழக்கு, வடகலை தென்கலை வழக்கைவிட வயதில் சிறியது, காரத்தில் அல்ல. சிங்கப்பூரில் இதன் பீடம் சிட்டி ஹால் பக்கத்துப் பெனின்சுலா கடைத்தொகுதி. பழைய கேமரா தேடி அங்கே ஏறி இறங்குபவர்களை மூன்று சமயத்தாராகப் பிரிக்கலாம்: ஃபில்டர் இன்றிப் படி இறங்காத கவசவாதிகள், ஹூட்டை மட்டும் நம்பும் முக்காட்டினர், இரண்டையும் துறந்த திகம்பரர்.

திகம்பரர் வாதம் இது. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். ஃபில்டருக்குப் பரப்பு இரண்டு. ஆகவே எஃப் 1.4 என்று விலை கொடுத்து வாங்கியவர், மலிவு ஃபில்டரைத் திருகிய கையோடு வாசலிலேயே 8 விழுக்காடு வரி கட்டுகிறார். வரிகூடப் பொறுக்கலாம். தீபாவளி ஒளியூட்டின்போது சிராங்கூன் சாலை வளைவுகளை, லென்ஸை முழுதாகத் திறந்து எடுத்துப் பாருங்கள். இடது மேல் மூலையில் எரியும் விளக்குக்கு, வலது கீழ் மூலை இருட்டில் மங்கலாக ஓர் இரட்டைப்பிள்ளை பிறந்திருக்கும். பிலிமிலோ சென்சாரிலோ பட்டு வெளியேறும் ஒளி, ஃபில்டரின் தட்டை முதுகில் மோதி மறுபடி உள்ளே வருவதன் விளைவு.

ஹூட் தடுக்காதோ எனின், தடுக்காது. படத்துக்குள்ளேயே நிற்கும் விளக்கை அது எப்படி மறைக்கும்? பக்கவாட்டில் கண்ணைப் பறிக்கும் நகைக்கடை வெளிச்சத்தை மறைக்கும். ஒற்றைப் பூச்சுக் கிழவருக்கு அதுவே பேருதவி.

ஃபில்டர் தோற்றது எனின், அற்றன்று. தைப்பூசத்தன்று ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில் வாசலில் பாற்குடங்களை ஒட்டி நின்று படம் எடுப்பவர் திருகாமல் போகட்டும் பார்க்கலாம். பால் தெறித்த ஃபில்டரைச் சட்டையில் துடைக்கலாம். அறுபது வயது லென்ஸை முடியாது.

நண்பகலில் கணக்கே வேறு. ஐ.எஸ்.ஓ. 100-இல் வெயிலுக்கு எஃப் 16, 1/100 நொடி என்பது பழைய வாய்பாடு. எஃப் 1.4-க்குத் திறந்தால் ஒளி 128 மடங்கு. ஷட்டர் 1/12,800 நொடியில் ஓட வேண்டும். 1954-இல் வந்த லைக்கா எம்3-இன் உச்ச வேகமே 1/1000. ஒளியைப் பதினாறில் ஒன்றாக்கும் கறுப்பு ஃபில்டர் வேண்டும். பந்தயக் குதிரை வாங்கிக் காலைக் கட்டுவது என்பது இதுதான்.

தோரியம் கலந்த சூப்பர் டக்குமார் 50 மி.மீ. எஃப் 1.4 தனி வழக்கு. வயதானால் அதன் கண்ணாடி தே-ஓ நிறத்துக்குப் பழுக்கும். புற ஊதா ஒளி மஞ்சளைக் குறைக்கும் என்பதால் வடகம்போல ஜன்னலோரம் காயவைப்பார்கள். யூவி ஃபில்டரைக் கழற்ற மறந்தால் வைத்தியம் வாசலோடு நின்றுவிடும்.

கழற்ற நினைத்தாலும் எளிதல்ல. பல ஆண்டு தொடாத ஃபில்டர் மரையில் இறுகிக் கிடக்கும்; அழுத்திப் பிடித்தால் வளையம் நெளிந்து இன்னும் இறுகும். விளிம்பில் ரப்பர் பேண்ட் சுற்றி, லேசாகப் பிடித்துத் திருக வேண்டும். தேக்கா சந்தையில் கீரைக்கட்டோடு இலவசமாக வருகிறதே, அதுவே போதும், 49 மி.மீ. வளையத்துக்கு இரண்டு சுற்று.